வெற்றிலை வைக்காத விழா

சென்னையிலிருந்து பாண்டிக்குப் போகும் பேருந்தில் ஏறிய உடனேயே நடத்துநரோடு எனக்குச் சண்டை. என் கையில் ஆளுயரப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருந்தது. "பைப்புக்கு லக்கேஜ் போடணும்மா" என்றார் அவர். "இது பைப் இல்லைங்க, படம்" என்று மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே சுருட்டி வைத்திருந்த பாத்திக் துணி ஓவியங்களை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள படமா இருந்தாலும் வெளில பைப்புதானேம்மா" என்றார். குழாய்க்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினேன்.

அந்தப் படங்கள் செல்வி வரைந்தவை. மலேசியாவில், கிள்ளானில், நான் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். செல்வி பள்ளிக்கூட ஆசிரியை. பல வருடங்களாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறோம். அக்கம்பக்கத்தாருக்கு மட்டும் நாங்கள் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் தோழிகள். இணையத்தில் ஒரு மடற்குழு வழியாகப் பாண்டிச்சேரி விழாவைப் பற்றி அறிந்து, படம் அனுப்புகிறேன் என்று எழுதியவள் அவள்தான். அனுப்பும் நேரம் வந்ததும் பயம் வந்துவிட்டது. படம் போகலாம், அவள் போகக் கூடாதாம். கடையைச் சாத்திவிட்டு நான் கிளம்பினேன்.

சுனாமி வந்து போய் இரண்டு மூன்று வருடம் ஆன சமயம் அது. கடற்கரைச் சாலை நெடுக நன்கொடையாளர் பெயர் எழுதிய புதுப் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. எல்லையில் கனகசெட்டிக்குளம் வந்ததும் வரிசையாகச் சாராயக் கடைகள். பேருந்திலிருந்த ஆண்களில் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இறங்கணும், இறங்கணும்" என்று அவசரப்பட்ட ஒருவர் என் குழாயில் தடுக்கி விழுந்து, எழுந்து, குழாயிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் ஊருக்கு 'புதுச்சேரி' என்று பெயர் மாற்றியிருந்தார்கள். பலகைகளில் பெயிண்ட் காயவில்லை. வாயில் எல்லோருக்கும் பாண்டிதான்.

பேருந்து நிலையத்தில் காத்திருந்தவர் ஜெரோம். பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதாவது இந்த ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. அவர் விட்டுப்போன பழைய வீட்டில் தனியாக இருந்தார். ஆண்களை நேசிக்கும் ஆண்கள், பெண்களை நேசிக்கும் பெண்கள், அரவாணிகள் எல்லோரும் சேர்ந்து கூத்தும் பாட்டும் படமுமாக ஒரு மாலையைக் கொண்டாட வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன்னால் ஆரம்பித்தவர் அவர்தான். திருநங்கை என்ற சொல் அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது. அரவாணி என்றுதான் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

"இத்தன வருசமா எங்க மாடியில, சன்னலச் சாத்திக்கிட்டு நடத்துனோம்" என்றார் ஜெரோம். "அலோர், அதான், இந்த வருசம் தெறந்த வெளியில. கல்பனா புடிவாதம்."

கல்பனாவை அன்று சாயங்காலமே பார்த்தேன். முத்தியால்பேட்டையில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்தாள். நல்ல உயரம், கூத்து மேடையில் பழகிய வெண்கலக் குரல். தெருமுனையில் இட்லி ஆறினால் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரித் திட்டுவாள். முதல் சந்திப்பிலேயே அவள் சாம்பாரில் வெல்லம் தூக்கல் என்று சொல்லிவிட்டேன். "மலேசியால சாம்பார் வெக்கிறாங்களா, இல்ல கடல் தண்ணிய கொதிக்க வெச்சு ஊத்துறாங்களா?" என்று கேட்டாள். அந்த நிமிடம் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

இட்லிக் கடைக்கு முன்னால் அவள் பத்து வருடம் 'கடை கேட்டவள்'. அரவாணிகள் கடை கடையாக, வீடு வீடாகப் போய்க் கைதட்டி நின்று, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருவதற்கு அப்படிப் பெயர். ஒருநாள் காலையில் ஒரு வீட்டு வாசலில் நின்றபோது, தெளிக்க வைத்திருந்த சாணித் தண்ணீரை வாளியோடு அவள் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்து, கூப்பிடாமல் இனி எவர் வாசற்படியையும் மிதிப்பதில்லை என்று அம்மன்மேல் சத்தியம் செய்தாளாம். விசேஷ வீடுகளில் காசு கொடுத்து ஆடக் கூப்பிட்டால் மட்டும் போவாள். "அன்னிக்கி வாங்குன வண்டி இது" என்று தள்ளுவண்டியைத் தட்டிக் காட்டினாள்.

விழாவுக்கு அவள் பிடித்த இடம், முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கடலோரம் இருந்த ஒரு மீனவர் குப்பம். அம்மன் கோயிலுக்கு எதிரே பெரிய திடல். ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டதும் "போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் இதற்கு அனுமதி கேட்டால் கேட்டவரையே தூக்கி உள்ளே வைப்பார்கள்.

மறுநாள் பகல் முழுக்கக் கொட்டகை வேலை. செல்வியின் படங்களைக் கொடியில் தொங்கவிட்டோம். கடல் காற்றில் அவை பாய்மரம் மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றன. விழாவுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வாரம் அடித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். கடைசியில் யாருக்கும் கோபம் வராமல் 'கலை விழா' என்று மட்டும் பேனர் அடித்திருந்தார்கள்.

சாயங்காலம் ஆயிற்று. விழுப்புரம், கடலூரிலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். சைக்கிளில் நான்கைந்து வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. வாசலில் நின்றபடியும் படகுமேல் உட்கார்ந்தபடியும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகளில் முக்கால்வாசி காலி. முன்வரிசையில் ஒரு நாய் படுத்திருந்தது. கல்பனாவின் குழு புதிதாக எழுதிய கூத்து, பெண் பார்க்கப் போகும் கதை. அதில் மாமியார் வேடம் அவளுக்கு. அவ்வளவு பெரிய குரலைக் காலி நாற்காலிகளைப் பார்த்து அவள் வீசிக்கொண்டிருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. என் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் பிரெஞ்சில் கணவனிடம் ஏதோ சொன்னாள். பக்கத்திலிருந்த ஜெரோமிடம் என்னவென்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "'எவ்வளவு அமைதியான கிராமம்'ங்கிறாங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாற்காலியைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன்.

வேடத்தைக் கலைக்கும்போது கல்பனா அழவில்லை. "பாத்தியா, நம்மள மனுசங்களாவே மதிக்கல" என்றாள். அவ்வளவுதான்.

காலையில் ஜெரோம் வீட்டில் நீளமான பிரெஞ்சு ரொட்டியும் காப்பியும். ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்பது பாண்டிப் பழக்கம். கிள்ளானில் நாங்கள் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயை மீன் குழம்பில் முக்குவோம், மற்றபடி வித்தியாசம் இல்லை. மனம் ஆறாமல் மீன் வாங்கப் போனேன். சந்தையில் உட்கார்ந்திருந்த அம்மாள் அந்தக் குப்பத்துக்காரி, பெயர் அஞ்சலை. ஐம்பது வயதிருக்கும். நேற்று படகுமேல் உட்கார்ந்திருந்தவர்களில் அவளும் உண்டு. அடையாளம் தெரிந்ததும் என் வாய் சும்மா இருக்குமா?

"இருபது அடி தள்ளி உக்காந்து பாத்தீங்களே, வந்து நாற்காலியில உக்காந்தா ஒட்டிக்குமா?" என்று கேட்டேன்.

அஞ்சலை அரிவாள்மனையில் மீன் அரிவதை நிறுத்தினாள். "யாரு கூப்ட்டா?"

"நோட்டீஸ் ஒட்டுனாங்களே!"

"செவுத்துல ஒட்டுனா செவுரு வரும். எங்க ஊர்த் திடல்ல பந்தல் போட்டாங்க, மைக்கு வெச்சாங்க. எங்க ஊட்டு வாசல்ல ஒருத்தி வந்து வெத்தல பாக்கு வெச்சாளா? கூப்டாத எடத்துல போயி குந்தறதுக்கு நாங்க என்னா மானம் கெட்டவங்களா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "சுனாமிக்கு அப்புறம் யார் யாரோ வந்து பந்தல் போட்டாங்க. போட்டோ புடிச்சிகினு போய்ட்டாங்க. இதுவும் அப்படி ஒண்ணுன்னு நெனச்சோம்."

அவர்கள் வரவில்லை என்று நாங்கள் கோபித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் கூப்பிடவில்லை என்று அவர்கள் கோபித்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கல்பனாவிடம் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்த கையை எடுக்கவே இல்லை.

"வாசல் வாசலாப் போயி நிக்கணுமா? நாங்க போயி நின்னா வெத்தல வெக்க வந்தான்னு எவளும் நெனைக்க மாட்டா. கை நீட்ட வந்துட்டாளுவன்னுதான் நெனைப்பா. எனக்குச் சத்தியம் இருக்கு. வேற வேல இருந்தா பாரு."

அதோடு நான் ஊர் திரும்பிவிட்டேன்.

அந்த வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசி அட்டை போட்டுக் கல்பனாவோடு பேசுவேன். சித்திரையில் கூவாகம் போய் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து, வெள்ளைச் சேலையோடு திரும்பினாள். ஆடியில் குப்பத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது தள்ளுவண்டியைத் திடலின் ஓரம்வரை கொண்டுபோனாளாம், உள்ளே போகவில்லையாம். ஐப்பசி மழையில் ஜெரோம் வீட்டு மாடி ஒழுக, வாளிகளுக்கு நடுவே ஒத்திகை நடந்தது. பேனரில் இன்னும் தெளிவாக ஒரு பெயர் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டதில் குழுவே இரண்டாக உடைய இருந்தது. கல்பனா எல்லோருக்கும் இட்லியைப் போட்டு வாயை அடைத்திருக்கிறாள். எல்லாம் பேசுவாள். வெற்றிலைப் பேச்சை எடுத்தால் மட்டும் "லைன் சரியா கேக்கல" என்று வைத்துவிடுவாள்.

அடுத்த விழாவுக்கும் நான்தான் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்த முறை குழாய்க்குத் துணியால் உறை தைத்துப் பூவேலையெல்லாம் செய்து வைத்திருந்தாள் செல்வி. நடத்துநர் அதைப் பார்த்து, "வீணையாம்மா? மடில வெச்சிக்கோங்க" என்றார். லக்கேஜ் கேட்கவில்லை. கிள்ளானில் எந்தப் பேருந்திலும் இவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

வந்த அன்று சாயங்காலம் இட்லி வண்டியில் நின்றிருந்தேன். திடல் அதே திடல், கூத்து அதே கூத்து, நோட்டீசும் ஒட்டியாகிவிட்டது. அப்போது காலிக் கூடையோடு அஞ்சலை வந்தாள். நான்கு இட்லியை நிதானமாகத் தின்றாள். கை கழுவிவிட்டு, என்னிடம் பேசுவது போலக் கல்பனாவுக்குச் சொன்னாள்: "இந்த வருசமும் நாற்காலிக்குத்தான் கூத்து போல."

"நாங்க வாசலுக்கு வந்தா நீங்க கதவச் சாத்திக்குவீங்க" என்றாள் கல்பனா, இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"சாத்துறவ சாத்துவா. தொறக்கிறவளுக்கு வெக்க வேணாமா?"

அஞ்சலை போன பிறகு கல்பனா எனக்கு ஓர் இட்லி தட்டில் வைத்தாள். சாம்பார் ஊற்ற மறந்துபோனாள்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனபோது தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டித் தயாராக நின்றாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம். "அம்மன்கிட்ட சத்தியம் பண்ணுனேன், அவகிட்டயே போயி கேட்டுக்கறேன். நீயும் வா. யாராவது வாளிய தூக்குனா நீ முன்னால நில்லு" என்றாள். "ஏன் லா, நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்?" என்றேன். சிரிக்கவில்லை அவள். அவள் பிடித்திருந்த தட்டில் பாக்குகள் உருண்டுகொண்டிருந்தன.

முதலில் அம்மன் சன்னதியில் வைத்தோம். என்ன கேட்டாள், அம்மன் என்ன சொன்னாள் என்று தெரியாது. கல்பனா நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் வைத்துவிட்டு, அங்கிருந்து தெருவில் முதல் வீடு. வாசலில் போய் நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம்.

"கூப்பிடேன்" என்றேன்.

"எப்படிடி கூப்புடறது?" என்றாள் மெதுவாக. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வாசலில் நின்றால் கைதட்டித்தான் அவளுக்குப் பழக்கம். இப்போது இரண்டு கையிலும் தாம்பாளம். நான்தான் "யம்மா! வீட்ல யாரு?" என்று குரல் கொடுத்தேன்.

உள்ளிருந்து எட்டிப் பார்த்த பெண் எங்களைக் கண்டதும் திரும்பிப் போனாள். கல்பனா ஒரு அடி பின்னால் வைத்தாள். வாளிதான் வரப்போகிறது என்று நானும் நினைத்தேன். அந்தப் பெண் முறத்தில் அரிசியோடு வந்தாள். "இந்தா, வாங்கிகினு புள்ளைங்களுக்கு நல்ல வார்த்த சொல்லிட்டுப் போ" என்று முறத்தை நீட்டினாள்.

கல்பனாவின் முகம் கருத்துவிட்டது. திரும்பிவிடுவாள் என்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் முறத்தைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கூத்துக் குரலில் பாதியை மட்டும் எடுத்துப் பேசினாள். "வாங்கறதுக்கு வரலக்கா. கூப்புட வந்திருக்கோம். நாளைக்கி சாயந்தரம் திடல்ல விசேஷம். குடும்பத்தோட வரணும்."

"விசேஷமா? யாரு ஊட்டு விசேஷம்?"

"எங்க ஊட்டு விசேஷம்தான்."

அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் அவசரமாக முறத்தைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். அவிழ்ந்திருந்த கொண்டையை முடிந்துகொண்டாள். இரண்டு கையையும் நீட்டி வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வரோம்" என்றாள். பெயர் தனலட்சுமி என்று அப்புறம் தெரிந்தது.

அதற்குப்பின் கல்பனாவைப் பிடிக்க முடியவில்லை. எல்லா வீடும் தனலட்சுமி வீடு இல்லை. நாங்கள் வருவதைப் பார்த்துத் தாழ்ப்பாள் போட்ட வீடுகள் உண்டு. ஒருவன் வெற்றிலையை வாங்கி எங்கள் கண்முன்னாலேயே தெருவில் போட்டான். கல்பனா அதைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, "வேணாம்னா திருப்பிக் குடு சாமி, வெத்தல என்னா பாவம் பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அஞ்சலை புருசனை இழந்தவள். அவள் வீட்டில் குங்குமத்தை நீட்டியபோது தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஏ யக்கா, நான் வருசா வருசம் தாலி அறுக்கறவ. நானே வெச்சிகினு நிக்கிறேன், ஒனக்கு என்னா?" என்றாள் கல்பனா. அஞ்சலை குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு நெற்றியைக் காட்டினாள்.

தெருக்கோடி வீட்டில்தான் குண்டு விழுந்தது. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த கிழவர் வெற்றிலையை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "சரி, சாப்பாடு என்னா?" என்று கேட்டார்.

நானும் கல்பனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வெத்தல வெச்சிட்டு சோறு போடாமயா அனுப்புவீங்க?" என்றார் அவர்.

ஒரு குப்பத்தையே விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறோம்! பிறந்த வீட்டில் எவரும் விசேஷம் என்று கூப்பிடாத கல்பனாவுக்கும், வீட்டுக்கு ஒருவரையும் கூப்பிட்டே பழகாத எனக்கும் இது தோன்றவே இல்லை. ஜெரோமிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மோன் தியே! நாடகம் போடலாம்னு ஆரம்பிச்சோம், கல்யாண மண்டபம் நடத்தச் சொல்றீங்களே!"

நான் எதற்கு இருக்கிறேன்? சமையல் பாத்திரங்களை வாடகைக்கு எடுத்தோம். மறுநாள் விடிந்ததிலிருந்து கல்பனா வீட்டுச் சந்தில் அடுப்பு. கிள்ளானில் தினமும் வடிக்கும் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும்தான் எனக்குக் கை வந்தது. அதையே செய்வது என்று தீர்மானித்தேன். வாசனைக்கு ரம்பை இலை போடவேண்டும், அது கிடைக்கவில்லை. பிரிஞ்சி இலையைப் போட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன். அஞ்சலை நெத்திலிக் கருவாட்டைக் கூடையோடு கொண்டுவந்து இறக்கினாள். சம்பலில் நான் சர்க்கரை போடுவதைப் பார்த்துவிட்டு, "கருவாட்டுக்குப் போயி சக்கரையா? ஒங்க ஊர்ல புத்தி சரியில்லாதவங்கதான் இருப்பாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற கல்பனாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "போன வருசம் என் சாம்பார்ல வெல்லம்னு சொன்னாளே, கேளு யக்கா, நல்லா கேளு."

சாயங்காலம் எல்லாம் தயார். நாற்காலி காலி. கல்பனா மாமியார் வேடத்தோடு திரைக்குப் பின்னால் நின்று ஓட்டை வழியாகப் பார்த்தபடி இருந்தாள். "வர மாட்டாங்க. சோத்த என்னா பண்றது?" என்றாள். எனக்கும் பயம்தான்.

முதலில் வந்தவர் கட்டிலில் படுத்திருந்த கிழவர். வெள்ளைச் சட்டை போட்டு, முன்வரிசையில் போன வருடம் நாய் படுத்த இடத்தில் உட்கார்ந்தார். பிறகு தனலட்சுமி, பட்டுச்சேலையில், மூன்று பிள்ளைகளோடு. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பட்டு உடுத்த மாட்டார்கள். அதற்கப்புறம் தெருவே வந்தது. நாற்காலி போதாமல் மணலில் உட்கார்ந்தார்கள்.

நல்ல பிள்ளைகளாகப் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கவிதை வாசித்த பையனிடம் "சத்தமா படிடா, சாப்டலயா?" என்றார்கள். ஒரு குடிகாரர் மேடையேறி ஆட ஆரம்பித்துவிட்டார். அவர் பெண்சாதி வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், அதற்கும் கைதட்டல். மேடையில் இரண்டு பையன்கள் கைகோத்துப் பாடியபோது சிலர் எழுந்து போனார்கள். பலர் உட்கார்ந்திருந்தார்கள். கூத்தில் கல்பனா மாமியாராக வந்து, பெண்ணின் பல்லை எண்ணிப் பார்க்கும் கட்டத்தில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எங்க மாமியாவ எங்கடி பாத்த?" என்று ஒருத்தி கத்தினாள். திருப்பி நடிக்கச் சொன்னார்கள், நடித்தாள்.

சாப்பாட்டுப் பந்தி ஓடும்போது செல்வியின் படத்துக்கு முன்னால் தனலட்சுமி நின்றிருந்தாள். சமையலறையில் இரண்டு பெண்கள், ஒருத்தி தேங்காய் துருவுகிறாள், இன்னொருத்தி பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்துகிறாள்.

"இது நீதானே?" என்று துருவுகிறவளைக் காட்டிக் கேட்டாள்.

"ஆமாம்."

"அது யாரு?"

எத்தனையோ வருடமாக எத்தனையோ பேரிடம் சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். "என் வீட்டுக்காரி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். "அவளயும் கூப்டுகினு வந்திருக்கலாம்ல? தனியா உட்டுட்டு வந்துட்டியே" என்று கடிந்துகொண்டு கை கழுவப் போனாள். நான் அந்தப் படத்துக்குப் பின்னால் போய் நின்று நன்றாக அழுது தீர்த்துவிட்டுத்தான் சோற்றுக் கரண்டியைப் பிடித்தேன்.

மறுநாள் எனக்கு மத்தியானப் பேருந்து. விடைபெறக் கல்பனா வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரண்டு பேரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். வாசலில் "கல்பனா இருக்குதா?" என்று குரல். தனலட்சுமியும் இன்னொரு பெண்ணும். தனலட்சுமி கையில் தாம்பாளம்.

கல்பனா துள்ளி எழுந்தாள். "இன்னாக்கா?"

"மூத்த பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறோம். வர்ற வெள்ளிக்கெழம. நீ வரணும்."

கல்பனா தலையை ஆட்டினாள். முகம் தொழில்காரி முகம் ஆகிவிட்டது. "வந்துடறோம்க்கா. எத்தினி பேரு ஆடணும்? மேளம் நீங்க வெக்கிறீங்களா, நாங்க கொண்டாரணுமா?"

"ஆட்டமா?" தனலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு ஒன்ன ஆடச் சொன்னா? வந்து சாப்புடு. மொத பந்திலயே குந்து. இந்தா, வாங்கு."

கல்பனா கையை நீட்டவே இல்லை. எப்படி வாங்குவது என்று மறந்தவள் மாதிரி நின்றாள். நான் விலாவில் இடித்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். "உக்காருங்கக்கா, உக்காருங்க" என்று அவர்களைச் சொல்லிவிட்டு, உட்கார வைக்க ஒன்றும் இல்லாததால் தன் தலையணையை எடுத்துத் தரையில் போட்டாள். "ஏய், தண்ணி மோந்து குடுடி" என்று என்மேல் பாய்ந்தாள். அவர்கள் தண்ணீர் குடித்தார்கள். இன்னும் நிறைய வீடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். உள்ளே வந்து, வெற்றிலையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு மூலையிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். சரிகையும் சம்கியும் ஜிகினாவுமாகச் சேலைகள் பளபளத்தன. ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்துத் தரையில் போட்டாள். கடைசிச் சேலையும் வந்தாயிற்று. காலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது.

"எல்லாம் ஆடப் போறதுக்கு வாங்குனதுடி" என்றாள். "சாப்பிடப் போறதுக்கு என்னாத்த கட்டிக்கறது?"

மத்தியானப் பேருந்தை விட்டுவிட்டு அவளோடு சேலைக் கடைக்குப் போனேன்.